பொறிக்கு முன் சொல்

மரபணு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொறிகளின் பெருமையையே பேசுகின்றனர். ஒரு நாளில் எத்துணை மரபணுக்களைப் படிக்கும் கருவி, எத்துணைக் கோடித் தரவுகளைத் தாங்கும் கணினி என்றே அளந்து வியக்கின்றனர். அத்தரவுகளுக்குப் பெயரிட்டவர் யாவர், எந்நெறியில் இட்டனர் என்று கேட்பார் மிகச் சிலரே. அப்பெயர் செம்மையுறாவிடின் அத்துணைத் தரவும் திறவுகோல் தொலைந்த பேழையே என்பது எம் துணிபு.

ஓருடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. கல்லீரல் கல்லீரலாகவும் நரம்பு நரம்பாகவும் இருப்பதன் கரணியம், எந்த மரபணு எவ்விடத்தில் எப்போது எவ்வளவு இயங்குகிறது என்னும் வேறுபாடே. அவ்வியக்கத்தையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். எனவே அதனை அளந்த எண் மட்டும் கையிலிருந்து பயனென்ன? எந்த உறுப்பு, எவ்வகை உயிரணு, எந்தப் பருவம், நலமுற்றதா நோயுற்றதா என்பன உடன் நில்லாதவழி அவ்வெண் ஊமையே அன்றோ?

சென்ற நூற்றாண்டின் இறுதியில் உலகெங்குமுள்ள ஆய்வகங்கள் மாந்த உடலின் பல்வேறு உறுப்புகளிலிருந்து வெளிப்பாட்டுத் தொகுப்புகளை உருவாக்கிப் பொதுக் களஞ்சியங்களில் இட்டன. ஆனால், உறுப்பின் பெயரை ஒருவர் முழுமையாக எழுதினார். ஒருவர் குறுக்கி எழுதினார். ஒருவர் இலத்தீனத்தில் எழுதினார். இன்னொருவர் எழுத்துப் பிழையோடு எழுதினார். படிக்கும் மாந்தனுக்கு நான்கும் ஒன்றே. கணினிக்கோ அவை நான்கு உறுப்புகள்! ஒரு பெயரால் தேடியவனுக்கு மற்ற மூன்றும் இல்லாதனவே ஆயின.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவருள் தென்னாப்பிரிக்க நாட்டு உயிர்த்தகவலியல் நிறுவனத்தார் குறிக்கத் தக்கவர். அவர்தம் ஈவாக் என்னும் சொற்றொகை 2003-இல் வெளிவந்தது. அதனை ஒரே நெடும்பட்டியலாக அவர்கள் செய்திலர். உறுப்பு, உயிரணு வகை, நோய்நிலை, வளர்ச்சிப் பருவம் என நான்கு தனித்தனி அடுக்குகளாகப் பகுத்தனர். ஈண்டே அவர்தம் நுண்மை விளங்கும். 'குழவியின் கல்லீரற் புற்று' என்பதை ஒரே பெயராக எழுதி வைத்தால் அவ்வொரு வினாவிற்கே அது விடையாகும். பகுத்து வைத்தாலோ, கல்லீரல் முழுமையும் கேட்கலாம். புற்று முழுமையும் கேட்கலாம். குழவிப் பருவம் முழுமையும் கேட்கலாம். வேண்டியவாறு இணைத்தும் கேட்கலாம்.

இத்தகைய சொற்றொகை வெறும் அகரவரிசை அன்று. நம் இலக்கணத்தார் முதல் என்றும் சினை என்றும் பிரித்தனரே, அவ்வுறவு இதன் முதுகெலும்பு. சிறுமூளை மூளையின் சினை. ஆதலின் 'மூளையில் இயங்கும் மரபணுக்கள் யாவை?' என்று வினவினால், சிறுமூளை என்று மட்டும் எழுதப்பட்ட தரவையும் மென்பொருள் சேர்த்துக் கொணரும். மறுதலையாகக் கேட்டால் கொணராது; கொணரவும் கூடாது. முழு மூளையில் கண்டது சிறுமூளையிலும் உண்டெனத் துணிதல் பிழையாகும். இவ்வேறுபாட்டைப் பொறி தானே அறிந்ததில்லை. சொல்லை வரையறுத்த மாந்தன் அதற்குக் கற்பித்தான்.

மரபணுக்களின் பெயர்களோ இன்னும் குழப்பமானவை. பழ ஈயை ஆய்வோர் நகைச்சுவை மிக்கவர். ஒரு மரபணு கெட்டால் அவ்வீக்கு நெஞ்சாங்குலை உருவாவதில்லை. அதற்கு, சிறுவர் கதையொன்றில் வரும் நெஞ்சமில்லாத் 'தகர மாந்தன்' பெயரையே இட்டுவிட்டனர். நகை நன்றே. ஆனால் அதற்கு இணையான மாந்த மரபணுவின் பெயர் என்.கே.எக்சு. 2-5; அது பழுதுற்றால் குழந்தைகட்குப் பிறவி நெஞ்சக்குறை நேர்வதுண்டு. இவ்விரு பெயர்க்கும் உறவுண்டென்று எவன் காண்பான்? 1998-இல் பழ ஈ, ஈசுட்டு, சுண்டெலி ஆகியவற்றின் தரவுக் களஞ்சியத்தார் கூடி ஒரு பொதுச் சொற்றொகையைத் தொடங்கியது இத்தகைய இடர் தீரவே. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையும் ஏழிலக்க எண்ணும் உண்டு. சொல்வடிவம் திருந்தினும் எண் மாறாது. 'நெஞ்சாங்குலை வளர்ச்சி' என்னும் ஒரே சொல்லின்கீழ் ஈயின் மரபணுவும் குழந்தையின் மரபணுவும் இன்று அருகருகே நிற்கின்றன.

பெயரிற் கவனமின்மை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 'மார்ச்சு 1', 'செப்ட் 2' என்றாற்போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் விரிதாள் நாட்களாக மாற்றிவிடுவது 2004-இலேயே சுட்டப்பட்டது. எனினும், மரபணுப் பட்டியலை அவ்விரிதாளில் இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததென 2016-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. 2020-இல் பெயரீட்டுக் குழுவினர் அக்குறியீடுகளையே மாற்றினர். ஒரு விரிதாளுக்கு அஞ்சி மரபணு பெயர் மாறியதே என நகைத்தாரும் உளர். யாம் நகையோம். வழக்கிற் சிதையும் பெயர் நற்பெயர் அன்று.

இக்காலக் கணினி உரைநடையைத் தானே படித்துப் பொருள் கொள்ளுமே, இனி இவ்வுழைப்பு எதற்கு என்று வினவுவர் சிலர். பொறி உய்த்துணர்ந்தது சரியா பிழையா என்பதை எதனோடு ஒப்பிட்டுக் காண்பது? மாந்தர் வரையறுத்த சொற்றொகையோடுதானே! நோயாளி ஒருவன் தன் உடலிலிருந்து ஈந்த சிறு துண்டத்தைத் தவறான பெயரின்கீழ் வைத்தால், அவன் ஈகை எவர்க்கும் பயன்படாது மறையும். இல்லையேல் தவறான முடிவுக்குத் துணைபோகும்.

ஆயினும், கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து உரிய சொல்லை இணைக்கும் அறிஞர்களை எழுத்தர் என்றே எண்ணுகின்றனர், நிதி வழங்குவோர். புதுக் கருவிக்கு அள்ளிக் கொடுக்கும் கை, சொற்றொகைக்குக் கிள்ளியும் கொடாது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடோப்சிசின் மரபணுக் களஞ்சியம், உலகப் பயிராய்வாளர் எல்லார்க்கும் அடிப்படையானது. அமெரிக்க அரசு அறிவியல் நிதியம் தன் உதவியை நிறுத்தியபின், அது 2013-இல் பயன்படுத்துவோரிடமே கட்டணம் தண்டும் நிலைக்கு வந்தது. கட்டணம் செலுத்த இயலாத ஆய்வகம் எங்குச் செல்லும்? ஆராய்ச்சிக்கென ஒதுக்கும் ஒவ்வொரு தொகையிலும் சொல்லாக்கத்திற்கும் சொற்பேணலுக்கும் ஒரு பங்கு, ஆண்டுதோறும் அறாது கிடைக்குமாறு, முதற்கண்ணே எழுதி வைத்தல் வேண்டும்.