உம்மாவின் பெயரில் பிழையில்லை

சென்ற விடுமுறையில் உம்மாவுக்காக ஒரு சிறிய நிரல் எழுதினேன். பாண்டிருப்பும் மருதமுனையும் முட்டிக்கொள்ளும் எல்லையில் எங்கள் வீடு. உம்மா பல வருடங்களாக அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடிக்கிறார். முஸ்லிம்களும் உண்டு, தமிழர்களும் உண்டு. கணக்கெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில். உயர்தரத்தில் கணினி படிக்கிற மகள் வீட்டில் இருக்கக் கொப்பி எதற்கு என்று நான்தான் பெருமையடித்தேன்.

பைத்தன் மொழியில் எழுதி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பெயர்களைத் தட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எழுத்தெழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தமிழில் தட்டினார். "பிழையான பெயர்" என்று திரையில் வந்தது.

"என்ட பேர் பிழையா மகள்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசகத்தை எழுதி வைத்தவள் நான்.

பெயரில் இலக்கம் வந்துவிடக் கூடாதென்று, உள்ளிட்டதெல்லாம் எழுத்துத்தானா என்று பார்க்கும் 'இஸ்அல்பா' என்ற சோதனையைப் போட்டிருந்தேன். யூனிகோட் அட்டவணையில் 'ப' ஓர் எழுத்து. ஆனால் அரவு, விசிறி, கொம்பு, குற்று எல்லாம் எழுத்து வகையில் இல்லை. எழுத்தோடு ஒட்டும் குறிகள் என்று அவற்றுக்குத் தனி வகை. ஆகவே பாத்திமாவும் பிழை, உமரும் பிழை, பக்கத்து வீட்டுச் செல்வியும் பிழை. குற்றோ அரவோ இல்லாத தமிழ்ப் பெயருக்கு நான் எங்கே போக?

எங்கள் ஊரின் பெயரையே எடுங்கள். 'பாண்டிருப்பு' என்பதில் எத்தனை எழுத்து என்று ஆண்டு ஒன்றுப் பிள்ளையிடம் கேட்டால் 6 என்று விரல்விட்டுச் சொல்லும். பைத்தனிடம் கேட்டால் 12 என்கிறது. பகரமும் அரவும் அதற்கு இரண்டு. அதே சொல்லை யூடிஎப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் 36 பைட்டுகள். மூன்றுமே சரிதான். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணுவதுதான் பிழை. பெயருக்கு 10 இடம் போதும் என்று வெட்டினால் நம் ஊர் 'பாண்டிருப்' என்று நிற்கும்.

பெற்றோருக்கு இது கையில் காசாகவே தெரியும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அந்த 70இலும் அரவுக்கும் குற்றுக்கும் தனித்தனி இடம் போகும்.

அந்தச் சோதனையைத் தூக்கி எறிந்தேன். ஒருவரின் பெயர் சரியா என்று தீர்ப்புச் சொல்ல நிரலுக்கு என்ன உரிமை? அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் இன்னொரு வில்லங்கம். பெயரில் 'பௌ' வருகிற ஒருவர் பட்டியலில் இரண்டு பேராக நின்றார். ஒருவர் காசு கட்டியிருந்தார், மற்றவர் கட்டவில்லை. சீட்டு நம்பிக்கையில் ஓடுகிற காரியம். கட்டியவரைக் கட்டவில்லை என்று சொல்லிவிட்டால் உம்மா அந்த வாசலை மிதிக்க முடியுமா? நல்ல வேளை, கொப்பியை உம்மா கைவிட்டிருக்கவில்லை.

ஒருமுறை 'பௌ' என்று ஔகாரக் குறியோடு பதிந்திருக்கிறது; மறுமுறை கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'பெள'. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. மௌலவியை மெளலவி என்று தட்டாதவர் நம்மில் எத்தனை பேர்? 'நோர்மலைஸ்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 'பொ' என்பதில் கொம்பும் அரவும் தனித்தனியாக வந்தாலும் ஒன்றாக வந்தாலும் அது ஒரே வடிவாக்கிவிடும். ளகரத்தை அது தொடாது; ளகரம் உண்மையாகவே வேறு எழுத்தல்லவா? கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று அவசரத்தில் எழுதினேன். சீட்டு நாளான வெள்ளிக்கிழமை சின்னாபின்னமாயிற்று.

இப்போது ஐயமான பெயர் வந்தால் "இவரா?" என்று நிரல் கேட்கும், உம்மா பதில் சொல்வார். தேடுவதற்கு மட்டும் சீராக்கிய பிரதி ஒன்று; சேமிப்பில் அவரவர் தட்டிய பெயர் அப்படியே. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎப்-8 என்றும் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் கணினியில் அதை எழுத மறந்து, தமிழைச் சேமிக்கும்போது நிரல் விழுந்ததையும் அனுபவித்தாயிற்று.

"இந்தத் தொல்லைக்கு ஆங்கிலத்திலேயே பெயரைப் போடலாமே" என்றாள் என் தோழி. அதை நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே பாத்திமாவை நம் வகுப்பிலேயே மூன்று விதமாக எழுதுகிறோம். தவிர, சீட்டுக்காரிகளில் பலர் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். தம் கணக்கைத் தாமே வாசித்துப் பார்க்க அவர்களுக்கு உரிமையில்லையா? பாமினி எழுத்துருக் காலத்தில் வேறு வழியில்லை. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் கலியாண அழைப்பிதழ் அர்த்தமற்ற ஆங்கிலமாகிவிடும். யூனிகோட்டிலோ 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கிவிட்டார்கள். இடம் கிடைத்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நம் பிள்ளைகள் எழுதும் நிரல் நம் பெயரைத் தள்ளுகிறதென்றால், குறை எங்கள் சோதனையில்தான். செய்முறைப் பாடத்தில் நாங்கள் உள்ளிட்டுப் பார்க்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நான் இப்போது முதலில் உம்மாவின் பெயரைத் தட்டுகிறேன், பிறகு செல்வி, பிறகு வெள்ளிக்கிழமை.

கொப்பியை நிறுத்தலாமா என்று போன வாரம் உம்மாவிடம் கேட்டேன். இன்னும் இரண்டு சீட்டு முடியட்டும் என்கிறார்.