குறட்டைக்குச் சாட்சி யார்?

குறட்டையைப் பற்றி எழுத ஒருவன் பேனா எடுத்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் வீடுகளில் குறட்டை என்றாலே சிரிப்புத்தான். கலியாண வீட்டுக் கூடத்திலும், திருமலையில் யாத்திரிகர் தங்கும் மண்டபங்களிலும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடந்தவர்களுக்கு அதன் இராக பேதங்கள் எல்லாம் தெரியும். ‘கும்பகருணன்’ என்று பட்டம் சூட்டிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். ஆனால் அந்த ஓசை சட்டென்று நின்றுபோகும் ஓர் இடம் உண்டே, அங்கே நம்மில் எத்தனை பேர் காது கொடுத்திருக்கிறோம்? பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளை அதற்கும் மேலே. பிறகு ஒரு திணறல், ஒரு பெருமூச்சு, மறுபடியும் குறட்டை. ஓசை நின்றதும் ‘அப்பாடா’ என்கிறோம். அஞ்ச வேண்டிய நேரமோ அதுதான்.

அந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தமிழில் உறக்க மூச்சுத் தடை எனலாம். நம் தொண்டைக் குழாயின் ஒரு பகுதிக்கு எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. தசைதான் அதைத் திறந்து நிறுத்துகிறது. உறக்கத்தில் தசை தளர்கிறது. கழுத்தில் கொழுப்புச் சேர்ந்திருந்தால் அது வெளியிலிருந்து நெருக்குகிறது. உள்ளே இழுக்கும் மூச்சு குழாயின் சுவரையும் சேர்த்து இழுக்கிறது. இளநீர்க் கடையில் காகித உறிஞ்சுகுழல் நனைந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மூச்சு நிற்கிறது, இரத்தத்தில் பிராண வாயு குறைகிறது, மூளை பதறிப்போய் உறங்குபவனை அரைகுறையாக எழுப்புகிறது, தசை இறுகுகிறது, மூச்சு திரும்புகிறது. மூச்சு முழுதாகவோ பாதியாகவோ இப்படித் தடைப்படுவது மணிக்கு 5 முறைக்குக் குறையாமல் இருந்தால் நோய் என்கிறார்கள். 30 முறையைத் தாண்டினால் கடுமையான நோய். இரவெல்லாம் இருநூறு தடவை எழுப்பப்பட்டவன் காலையில் அவற்றில் ஒன்றைக்கூட நினைவு வைத்திருப்பதில்லை. பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறான். சோம்பேறி என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறான்.

உலகமும் நம்மைப் போலச் சிரித்ததுதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான், நின்றபடியே தூங்குகிறவன். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், பருமனால் மூச்சுக் குன்றும் நோய் ஒன்றுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். சிரிப்பிலிருந்து சிகிச்சைக்கு வர நூற்றிருபது ஆண்டு ஆயிற்று! நம் நாட்டிலோ, 2022 பிப்ரவரி 15 அன்று இசையமைப்பாளர் பப்பி லாஹிரி மும்பையில் மறைந்தபோதுதான் பலர் இந்த நோயின் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை நம்மிடையே பரவிவிட்டது. 2011இல் நிதின் கட்கரியும் 2014இல் அருண் ஜேட்லியும் செய்துகொண்டபோது அது டில்லிச் செய்தி. இன்று சித்தூர் மண்டிக்காரரும் திருப்பதி ஓட்டல் முதலாளியும் அதற்கு நாள் குறிக்கிறார்கள். குறிக்கட்டும், அளவு மீறிய பருமனுக்கு அது நல்ல சிகிச்சை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அறுவைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இந்த மூச்சுத் தடை இருக்கும் என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் அதை அறியார். ஆகவே என் கருத்து இது: குறட்டைக்கு விடை காணாமல் எவரும் அந்த மேசையில் ஏறக் கூடாது. விடை காண்பதற்காக அறுவையைத் தள்ளி வைக்கும் மருத்துவரை நாம் ஏசவும் கூடாது.

ஏசினார்கள், ஐயா! என் மாமா வீட்டில் ஏசினார்கள். மாமா சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். எடை 131 கிலோ. பேரேட்டில் கணக்கு எழுதும்போதே கண் சொருகி, பேனா பக்கத்தின் அடிவரை கோடு இழுத்துக்கொண்டு போகும். சென்ற ஆண்டு நட்சத்திரம் பார்த்து அறுவைக்கு நாள் வைத்தாயிற்று. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், ஓர் அம்மையார், வந்து கேட்டார்: “இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?” மாமா, “அதற்கென்ன குறை டாக்டர், படுத்தவுடனே தூக்கம்” என்றார். பின்னால் நின்ற அத்தை மெல்லச் சொன்னார்: “நடுவே நடுவே மூச்சே நின்றுபோகுதும்மா. நான்தான் உலுக்கி விடுவேன்.” மருத்துவர் கோப்பை மூடி வைத்தார். ஆறு வாரம் கழித்து வாருங்கள், அதற்குள் உறக்கப் பரிசோதனை செய்யுங்கள் என்றார். பரிசோதனையில் மணிக்கு 52 தடவை என்று வந்தது.

உறவினர் ஒருவர் இது காசு பிடுங்கும் வழி என்றார். இன்னொருவர், அலிபிரியிலிருந்து வாரம் ஒரு முறை 3,550 படியும் ஏறினால் கத்தியும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்றார். அவர் ஏறி நான் பார்த்ததில்லை. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிப் பழகியவர்கள் நாம். ஆறு வாரம் காத்திரு என்றால் நமக்குப் பொறுப்பதில்லை. வேறோர் ஊரில் ஓரிடத்தில் தொலைபேசியில் விசாரித்தார்கள். பரிசோதனை எல்லாம் தேவையில்லை, திங்கட்கிழமையே வந்து படுங்கள் என்று பதில் வந்தது. எனக்கு உடம்பு நடுங்கியது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடந்தது. மருத்துவமனையின் உரிமம் இடைக்காலமாக நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த பிறகும் ‘திங்கட்கிழமையே’ என்று சொல்ல ஒருவருக்கு வாய் வருகிறதே!

அச்சம் எதனால் என்று சொல்ல வேண்டும். இந்த நோயாளி ஒவ்வோர் இரவும் பிழைத்து எழுவது மூளையிலுள்ள ஒரு காவலாளியால். மூச்சு நின்றவுடன் அவன் கதவைத் தட்டுகிறான். மயக்க மருந்தும், வலிக்குத் தரும் மார்பின் இன மருந்துகளும் அந்தக் காவலாளியையும் சேர்த்து உறங்க வைக்கின்றன. அறுவை முடிந்த அன்றிரவு, நோயாளி மருந்து மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும்போது குழாய் ஒட்டிக்கொண்டால் தட்டுவார் இல்லை. அதற்கு முன்னே, அறுவை தொடங்கும்போதும் ஆபத்து உண்டு. பிராண வாயுவை நன்றாக நிரப்பிய பின் மூச்சு நின்றால், மெலிந்த உடம்பு ஏழெட்டு நிமிடம் தாங்கும். மிகப் பருத்த உடம்பு இரண்டு மூன்று நிமிடந்தான் தாங்கும். கொழுத்த கழுத்தில் மூச்சுக்குழாய் செலுத்தவும் கூடுதல் நேரம் பிடிக்கும். முன்னமே தெரிந்தால் எல்லாவற்றுக்கும் வழி செய்யலாம். தலையையும் தோளையும் உயர்த்தி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி அடுக்கி வைப்பார்கள். முழு விழிப்பு வந்து, சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே குழாயை எடுப்பார்கள். மார்பின் வகையை இயன்ற மட்டும் குறைப்பார்கள். தெரியாவிட்டால்?

ஆறு வாரமும் மாமாவுக்கு முகமூடி வைத்தியம். சீபேப் என்னும் சிறு கருவி, மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலோர்க்குப் பத்து சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். அரைச் சாண் தண்ணீர்! பௌதிகம் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு பெருவியப்பு. 1980இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளையிடுவதே வழி.

முகமூடியை மாட்டியதும் பேரப்பிள்ளைகள் ‘காணிப்பாக்கம் பிள்ளையார்’ என்று கூவினார்கள். மாமா மூன்றாம் நாளே அதைக் கழற்றி எறிந்தார். மூக்கை மட்டும் மூடும் வேறு வகை வாங்கிக் கொடுத்தோம், பொறுத்துக்கொண்டார். நாலாவது வாரம் பேரேட்டைப் புரட்டினேன். கோடு ஒன்றும் இல்லை.

அறுவை நாளன்று சொந்த முகமூடியைக் கையோடு கொண்டுபோனோம். பலர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்களாம். காற்றழுத்தம் இரைப்பைத் தையலைப் பிரித்துவிடும் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது; ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவு நான் அருகில் இருந்தேன். விரலில் மாட்டிய கருவி 94, 95 என்று காட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அவர் புரண்டபோது முகமூடி நழுவியது. 91. 88. 86. மணி அடித்தது, செவிலியர் ஓடி வந்து சரிசெய்தார். ஒரு நிமிடத்தில் 94. மாமா விழிக்கவே இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அந்த ஆறு வாரம்.

ஏழைக்கு இது கட்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு முழுதும் படுக்கும் பரிசோதனை வேண்டியதில்லை. வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கருவி பலருக்குப் போதும். எத்தனை வாரம் முகமூடி அணிந்தால் போதும் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் முதற்படிக்குக் காசே வேண்டாம். டொரண்டோ மருத்துவர் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008இல் வெளியிட்ட வினாக்கள் இன்று எட்டாக வழங்குகின்றன: உரக்கக் குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நின்றதை யாரேனும் பார்த்தார்களா, இரத்த அழுத்தமா, பருமன் மிகுதியா, ஐம்பது வயது கடந்ததா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆம் என்றாலே எச்சரிக்கை. பணக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிப்படி, உடல் நிறை எண் 40 இல்லாமல் 35க்கு மேல் மட்டும் இருப்பவருக்கு இந்த அறுவைச் செலவு கிடைக்கக் காரணமாகும் நோய்களில் கடுமையான உறக்க மூச்சுத் தடையும் ஒன்று. வீண் செலவு என்று ஏசிய பரிசோதனைத் தாளே பணம் வாங்கித் தரவும் கூடும்!

எடை இறங்கியதும் முகமூடியை விற்றுவிடலாம் என்று மாமா இப்போது பேரம் பேசுகிறார். கூடாது. அறுவைக்குப் பின் நோய் பெரும்பாலும் குறைகிறது, எல்லார்க்கும் மறைவதில்லை. மறுபரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகே விடலாம். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு டிர்செப்பட்டைடு என்ற ஊசி மருந்தைப் பருமனோடு கூடிய இந்த நோய்க்கு அனுமதித்தது; 2025 மார்ச்சில் அம்மருந்து நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்தது. அது நல்ல செய்திதான். ஊசியோ கத்தியோ, மூச்சு நிற்பதை யாராவது முதலில் பார்த்தாக வேண்டுமே!

இங்கேதான் நண்பர்களே, நம் வேலை வருகிறது. திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் திருப்பதி மருத்துவமனைகளுக்கு வரும் நம்மவர்க்கு மொழித் துணையாக நீங்கள் போகிறீர்கள். “நித்ரலோ ஊபிரி ஆகுதுந்தா?” என்று தெலுங்கில் கேட்பார்கள். அதைத் தமிழாக்கி நோயாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் இல்லை என்றுதான் சொல்வார். கூட வந்தவரிடம் திரும்பிக் கேளுங்கள். விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவனுக்கும் நீங்கள்தான் சாட்சி. ஓசை நிற்கும்போது விநாடியை எண்ணுங்கள், காலையில் அவனிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்கோ இந்தச் சாட்சியும் கிடைப்பதில்லை. குறட்டை விடுகிறாள் என்று சொல்வதே இழிவு என்று வீட்டார் மறைக்கிறார்கள். தனியே படுக்கும் கைம்பெண்ணைக் கேட்பார் யார்? என் அத்தையும் பிற்பகலில் அரிசி புடைத்துக்கொண்டே தூங்குவார். வேலைக் களைப்பு என்று இருபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டோம். மாமா அவருக்கு முன்னே தூங்கிவிடுவார். அவர் குறட்டையில் வேறெந்த ஓசையும் எடுபடாது. முகமூடி வந்தபின் மாமா ஓசையின்றித் தூங்குகிறார். சென்ற மாதம் ஒரு நாள் நடுஇரவில் விழித்தவர், பக்கத்தில் குறட்டை எழுவதையும், நிற்பதையும் கேட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். அத்தைக்கு வரும் வெள்ளிக்கிழமை பரிசோதனை.