சத்தத்துக்குக் காது கொடுங்கள்

டிஷ்வாஷர் சத்தம் போடுகிறது என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். இத்தனை வருஷம் இயற்பியல் நடத்தியவர், எதையாவது சொல்வார் என்ற நம்பிக்கை. எல்லாரிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போது வருகிறது சத்தம்?" பலருக்கும் பதில் தெரியாது. ஆனால், "மோட்டார் போயிருக்கும், புதுசே வாங்கிடலாமா சார்?" என்பது வரை யோசித்து வைத்திருப்பார்கள்.

சத்தம் வந்தால் முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

அந்த மெஷின் செய்வது மூன்றே வேலை. தண்ணீர் பிடிக்கிறது, பீய்ச்சுகிறது, வெளியே தள்ளுகிறது. எந்த வேலையின்போது சத்தம் என்று தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கழுவும்போது சீராக டக், டக் என்றால், சுழலும் கை எதிலோ இடிக்கிறது. நம் பாத்திரங்கள் இந்த மெஷினுக்காக அளவெடுத்துச் செய்தவை அல்ல. நீளக் கரண்டி தட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். வாணலியின் காது தடுக்கும். கதவை மூடுமுன் மேல் கை, கீழ் கை இரண்டையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கழுவும்போது களக் களக் என்று விட்டு விட்டு வந்தால், பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கிறது. ஏதாவது குண்டான் நிமிர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கலாம். அல்லது கையால் தேய்க்கிற சோப்பை ஊற்றி நுரை பொங்கியிருக்கலாம்.

தண்ணீர் பிடிக்கும்போது உய்ங் என்றால், குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு குழாயை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி, முனையில் இருக்கும் சல்லடையைப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மண்ணும் உப்பும் அங்கேதான் அடைக்கும்.

தண்ணீரை வெளியே தள்ளும்போது கரகர என்றால், வடிகட்டியைத் தாண்டி ஏதோ பம்ப்புக்குள் விழுந்திருக்கிறது. எலுமிச்சை விதை, பல் குத்தும் குச்சி, கண்ணாடிச் சில்லு, எதுவும் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வடிகட்டியை எடுத்து, தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பல மெஷின்களில் அங்கே சின்ன மூடி ஒன்று இருக்கும். கையேட்டில் படம் உண்டு. அதைத் திறந்தால் பம்ப்பின் சக்கரம் தெரியும். வெறும் விரலை விடாதீர்கள், உறை போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் விட்டு விட்டுச் சுற்றும். அது பழுதல்ல, உள்ளே காந்தம் இருப்பதால்தான்.

இத்தனையும் பார்த்த பிறகும் கழுவும் நேரம் முழுக்கக் கீச்சென்று ஓயாமல் கத்தினால், பம்ப்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அது நம் வேலை அல்ல. அடிப்பலகையைக் கழற்றாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் இடம். வாரண்டி இருந்தாலும் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.

"இதெல்லாம் எதற்கு சார், காசைக் கொடுத்தால் ஆள் வருவார்" என்பார்கள். எல்லாரிடமும் காசு இல்லையே. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. ஆசைக்காக அல்ல, வலிக்காக வாங்கிய மெஷின். சத்தம் வந்ததும் வந்த ஆள், வடிகட்டியைக்கூடக் கழற்றாமல் பம்ப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். அவர் கேட்ட தொகை அந்த அம்மாவின் பென்ஷனில் பாதி. பத்து நாள் கையால் தேய்த்திருக்கிறார். உள்ளே கிடந்தது ஒரு எலுமிச்சை விதை.

தனி ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாகத்தை மாற்றுவது சுலபமாகவும், பழுதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகவும் இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிஷ்வாஷருக்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும், பம்ப், மோட்டார் போன்றவை பழுதுபார்ப்பவர்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு கிடைக்க வேண்டும். சுழலும் கை, வடிகட்டி, கதவு ரப்பர் போன்றவை வீட்டில் இருப்பவர்களுக்கே 10 ஆண்டு கிடைக்க வேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் கையேடும் உதிரிபாக விவரமும் அதில் தரலாம். அந்தத் 'தரலாம்' என்ற சொல்லைத் 'தர வேண்டும்' என்று திருத்துவதுதான் பாக்கி.

அதுவரை, சர்வீஸ் ஆள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கழற்றிய பழையதை என்னிடம் தருவீர்களா? வேலை தெரிந்தவர் மூன்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.