எடை போடாமல் எழுதும் சீட்டு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, கொண்டு வந்த விவசாயி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, தராசில் ஏற்றாமல் எடை எழுத மாட்டார்கள். "பார்த்தாலே தெரியுதே, நாற்பது கிலோ இருக்கும்" என்று ஒரு மண்டிக்காரர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் அன்றைக்கே அங்கே ரகளைதான். விவசாயியும் விட மாட்டார், கேரளாவுக்கு லோடு ஏற்ற வந்த வியாபாரியும் விட மாட்டார். கண்ணால் மதிப்பது வேறு, கணக்கில் ஏற்றுவது வேறு. மூட்டை தூக்குகிறவருக்கும் தெரிந்த வித்தியாசம் இது.

அதே ஊரிலிருந்து பாச்சலூர் ரோட்டில் மலையேறினால் பரப்பலாறு அணை வரும். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அந்த வழியே போகிற படித்தவர்களுக்கு மட்டும் எப்படியோ இந்த வித்தியாசம் மறந்துபோகிறது. அரை நொடி பார்த்த பறவைக்கு முழுப் பெயர் எழுதிப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். எடையே போடாமல் சீட்டு!

தமிழ்நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. புரட்டாசி, ஐப்பசி, மழை. அவ்வளவுதான். ஆனால் இமயமலையிலும் அதற்கு அப்பால் மத்திய ஆசியா, சைபீரியாவிலும் குளிர் இறங்கிவிடும். அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சாம்பல் வாலாட்டி பழனிமலை ஓடைகளுக்கு வந்து சேரும். பின்னாலேயே பழுப்புக் கீச்சான். சமவெளிக் காடுகரைகளில் கூட்டம் கூட்டமாகச் சூறைக்குருவி. பிறகு ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் வந்த பெயர். இரவெல்லாம் பறந்து களைத்து, சில நேரம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். இவை தவிர புதருக்குப் புதர் நாணல் கதிர்க்குருவி, மரத்துக்கு மரம் இலைக்கதிர்க்குருவி.

இதில் பாதி சுலபம். ஆறுமணிக்குருவியை ஒருமுறை பார்த்த குழந்தைகூட மறுபடி தவறவிடாது. மீதிப் பாதியில்தான் எல்லா வேடிக்கையும் நடக்கிறது.

முதலில் வாலாட்டி. ஓடைக்கல் மேல் நின்று வாலை ஆட்டுகிறது, அடிவயிறு பளிச்சென்று மஞ்சள். உடனே "மஞ்சள் வாலாட்டி" என்று எழுதியாகிவிட்டது. ஆனால் மலை ஓடையில் அப்படி நிற்பது அநேகமாக எப்போதும் சாம்பல் வாலாட்டிதான். பெயரில் சாம்பல், வயிற்றில் மஞ்சள். பெயர் வைத்தவர் செய்த குழப்பம் அது. ஆனால் பார்க்கிறவர் இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் குழப்பம் தீர்ந்துவிடும். முதுகு சாம்பலா, பாசிப் பச்சையா? வால் உடம்பை விட நீளமாகத் தெரிகிறதா? கால் வெளிறிய நிறமா, கறுப்பா? சாம்பல் முதுகு, நீள வால், வெளிறிய கால் என்றால் சாம்பல் வாலாட்டி. பச்சை படிந்த முதுகு, குட்டையான வால், கறுப்புக் கால் என்றால் மஞ்சள் வாலாட்டி. அதுவும் அது வயல்வெளி, குளத்தங்கரை ஆள். பெரும்பாலும் கூட்டமாகத்தான் திரியும். மூன்று கேள்வி, இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைக்கூடச் செலவழிக்க மனமில்லாதவருக்கு எதற்கு அவ்வளவு விலையில் ஒரு லென்ஸ்?

அடுத்தது இலைக்கதிர்க்குருவி. இங்கே நிலைமை இன்னும் மோசம். பறவை பார்க்கிறவர்கள் ஆங்கிலப் பெயரிலேயே சொல்கிற கிரீனிஷ் வார்ப்ளர், கிரீன் வார்ப்ளர், லார்ஜ்-பில்டு லீஃப் வார்ப்ளர் மூன்றும் பழனிமலைப் பக்கம் குளிர்காலத்துக்கு வரக்கூடியவை. மூன்றும் கட்டைவிரல் அளவு, மூன்றும் பச்சை, மூன்றுக்கும் கண்ணுக்கு மேல் வெளிர்கோடு. மர உச்சியில் இலையோடு இலையாகத் துள்ளிக்கொண்டிருக்கும். குரல்தான் துணை. கிரீனிஷ் இரண்டு அசையில் கத்தும். கிரீன் அதையே மூன்று அசையாக உடைக்கும். லார்ஜ்-பில்டு கீழே தொடங்கி மேலே ஏறும் இரண்டு ஸ்வரம். வாயே திறக்காத பறவையை, வெளிச்சத்துக்கு எதிரே, நாற்பது அடி உயரத்தில் பார்த்துவிட்டு "கிரீன் வார்ப்ளர், 1" என்று எழுதுகிறவர் என்ன சொல்கிறார்? பார்த்தேன் என்றா, ஆசைப்பட்டேன் என்றா?

"அட, இது பொழுதுபோக்குதானே! யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். நஷ்டம் இருக்கிறது.

2018-ல் வந்த 2.0 படத்தில் செல்போன் டவரால் பறவைகள் செத்து விழும். படம் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே "சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, டவர்தான் காரணம்" என்று ஊரெல்லாம் பேச்சு. 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. இதைச் சொன்னது எது? எந்த மந்திரியின் அறிக்கையும் இல்லை, எந்தச் செயற்கைக்கோளும் இல்லை. காலையில் எழுந்து வீட்டுப் பக்கத்தில் பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு இ-பேர்டில் ஏற்றிய சாதாரண ஜனங்கள். 2023 அறிக்கைக்கு அப்படிக் கணக்குக் கொடுத்தவர்கள் சுமார் 30,000 பேர். சுமார் 3 கோடிப் பதிவுகள். அதை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களை உடனடிக் கவனம் தேவை என்று பிரித்தார்கள். தூரதேசத்திலிருந்து வலசை வருகிற பறவைகள் மோசமாகக் குறைகின்றன என்று எச்சரித்ததும் இதே கணக்குதான்.

கணக்குப் போடும் முறையும் எளிது. உதாரணத்துக்கு, ஒரு பகுதியில் 100 பட்டியல் போட்டால் 40-ல் இருந்த பறவை, பத்து வருடம் கழித்து 20-ல் மட்டுமே இருந்தால் அது குறைகிறது என்று அர்த்தம். ஆக ஒவ்வொரு பட்டியலும் ஒரு வவுச்சர். வவுச்சர் பொய் என்றால் பேலன்ஸ் ஷீட்டும் பொய்.

"3 கோடியில் ஒன்றிரண்டு தப்பு வந்தால் என்ன? ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்" என்பது அடுத்த சமாதானம். கணக்குப் படித்தவர் யாரும் இதை ஏற்க முடியாது. தராசு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் காட்டினால் மாதக் கடைசியில் ஓரளவு சரியாகும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற தராசு எந்தக் காலத்திலும் சரியாகாது. பறவைப் பட்டியலில் நடக்கிற தப்பு சாய்ந்த தராசின் தப்பு. யாரும் அரிய பறவையைப் பார்த்துவிட்டுக் காகம் என்று எழுதுவதில்லை. எல்லாருக்கும் கை ஒரே பக்கம்தான் போகிறது. அரியது, புதியது, பட்டியலில் இதுவரை இல்லாதது. ஊட்டி, கோடைக்கானல் மாதிரி இடங்களிலாவது பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள், தப்பைக் கண்டுபிடிக்க ஆள் உண்டு. வருகிறவர்கள் எல்லாம் கோடைக்கானலுக்கே ஓடுவதால் ஒட்டன்சத்திரம், வடகாடு, விருப்பாச்சி மாதிரி மலையடிவார ஊர்களில் கணக்கு எழுத ஆள் குறைவு. பட்டியல் குறைந்த இடத்தில் ஒரு தப்புக்கு எடை அதிகம்.

ஒரே ஒரு பொய் வரி என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்ற சிறு ஆந்தை. 19-ஆம் நூற்றாண்டில் பிடித்த ஏழே ஏழு மாதிரிகள்தான் உலக மியூசியங்களில் இருந்தன. 1884-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நடுவில் ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மட்டும் 1914-ல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பமேலா ராஸ்முசன் என்ற ஆய்வாளர் துருவிப் பார்த்தபோது, அது அவர் சுட்டதே இல்லை, வேறொருவரின் பழைய சேகரிப்பிலிருந்து திருடிய மாதிரி என்று தெரிந்தது! பறவையைத் தேடியவர்களைத் தவறான திசைக்கு இழுத்தது அந்த ஒரு பொய். அதை ஒதுக்கிவிட்டுப் பழைய உண்மையான இடங்களைப் பின்தொடர்ந்து போன ராஸ்முசன் குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே ஆந்தையை உயிரோடு பார்த்தது. நடுவில் 113 வருடம்.

திருட்டு வேண்டாம், அலட்சியமே போதும் என்பதற்கும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டுப் புதர்களில் குளிர்காலம் முழுக்க "சக்... சக்" என்று கூழாங்கல் தட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிற பிளித் நாணல் கதிர்க்குருவிக்கு ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி. 1867-ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஹியூம் பிடித்த ஒரே ஒரு மாதிரியைத் தவிர உலகில் வேறு தடயம் இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 2006-ல் தாய்லாந்தில் ஒன்று வலையில் சிக்கி, டிஎன்ஏ சோதனையில் உறுதியானது. அதன் பிறகு தேடினால், 1869-ல் இந்தியாவில் பிடித்த இரண்டாவது மாதிரி இங்கிலாந்தின் டிரிங் மியூசியத்தில் பிளித் நாணல் கதிர்க்குருவிகளோடு ஒன்றாக இத்தனை காலம் படுத்திருந்தது தெரியவந்தது. "இந்த மாதிரி இருந்தால் இதுவாகத்தான் இருக்கும்" என்று யாரோ டிராயரில் போட்டிருக்கிறார்கள். 130 வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தத் தப்பைத் திருத்த முடிந்தது. ஏன்? மாதிரி கையில் இருந்தது. பெயர் தப்பாக இருந்தாலும் ஆதாரம் பத்திரமாக இருந்தது.

பழனிமலைப் பறவைகளுக்கு 1877-லேயே அச்சில் பட்டியல் போட்டவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். பழனிமலைச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி அவர் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். அந்தக் காலம் போனது நல்லதுதான். ஆனால் துப்பாக்கி கூடாது என்று ஆனதால் ஆதாரமும் கூடாது என்று ஆகிவிடாது. இன்றைக்கு ஆதாரம் இன்னும் மலிவு. மங்கலான ஒரு போட்டோ, போனில் பதிந்த பத்து நொடிக் குரல், அதுவும் இல்லையென்றால் "முதுகு சாம்பல், கால் வெளிர் நிறம், ஓடையில் தனியாக" என்று நாலு வார்த்தை. இதைக் கேட்கிற தன்னார்வலர்கள் மீதுதான் பலருக்கு அவ்வளவு கோபம் வருகிறது. "என்னை நம்பவில்லையா?" என்று குதிக்கிறார்கள். ஆடிட்டர் ரசீது கேட்டால் அது அவமானமா? அது அவர் வேலை சார்.

இன்னொரு கூட்டம் செயலியைக் காட்டும். "மெர்லினே சொல்லிவிட்டது!" மெர்லின் சொல்வது யோசனை, தீர்ப்பு இல்லை. சாத்தியமான பெயர்களை அது எடுத்துக் கொடுக்கும். பார்த்து, கேட்டு, ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டியது பைனாகுலருக்குப் பின்னால் இருக்கிற மண்டை. கால்குலேட்டர் தந்த விடை என்பதால் தப்பான கூட்டல் சரியாகிவிடுமா?

கடைசியாக ஒரு எதிர்வாதம். இது மட்டும் உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டியது. "இப்படிக் கறாராகப் பேசினால் புதிதாக வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள்." நியாயமான கவலை. ஆனால் பொய்ச்சீட்டு எழுதுவது பெரும்பாலும் புதியவர் இல்லை. புதியவர் "ஏதோ ஒரு சின்னப் பச்சைக் குருவி" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். முன்னூறு, நானூறு என்று எண்ணிக்கை வைத்திருக்கிற அனுபவசாலிக்குத்தான் "தெரியவில்லை" என்று சொல்ல நாக்கு வராது. காகம் 12, மைனா 8, வாலாட்டி 1 என்று பார்த்ததை எல்லாம் விடாமல் எழுதுகிற கல்லூரி முதலாண்டுப் பையனின் பட்டியல், அரிய பறவை ஒன்றை மட்டும் போட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுகிற பெரிய மனுஷரின் பட்டியலை விட ஆயிரம் மடங்கு உபயோகம்.

இத்தனைக்கும் வழி இருக்கிறது. இ-பேர்டிலேயே "கிரீனிஷ் அல்லது கிரீன்" என்று சேர்த்து எழுத இடம் உண்டு. அதுவும் நிச்சயமில்லை என்றால் "இலைக்கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று எழுதவும் இடம் உண்டு. அது தோல்வி இல்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இந்தக் குடும்பத்துப் பறவை ஒன்று வந்திருந்தது என்ற உண்மை அதில் முழுசாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டினால்தான் பொய் ஆரம்பிக்கிறது.

இந்த ஐப்பசியிலும் மழைக்கு நடுவே பரப்பலாறு பக்கம் பறவைகள் வரும். பல ஆயிரம் மைல் தாண்டி, சில கிராம் உடம்போடு. வந்தது யார், எத்தனை பேர் என்று உண்மையாக எழுதி வைப்பதுதான் இங்கிருந்து அவற்றுக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. தெரிந்தால் பெயர் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதற்கும் கூச்சமாக இருந்தால் ஒருநாள் விடிகாலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், தராசு முள் நிற்கும்வரை கை நீட்டாமல் காத்திருக்கிற மண்டிக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்.