சரியா, தவறா?

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா நகரின் மீது அமெரிக்கா அணுகுண்டு வீசியது. 3 நாள் கழித்து நாகசாகி மீதும் வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் சுமார் 2 லட்சம் பேர் மாண்டார்கள்.

இது சரியா, தவறா?

அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்களை இரு கட்சியாகப் பிரித்து, இதுபற்றி வாதாடச் சொல்வது உண்டு. நல்ல முறைதான்.

"போர் நீடித்திருந்தால் இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்கள்" என்பது ஒரு கட்சி. "பெண்களும் பிள்ளைகளும் என்ன குற்றம் செய்தார்கள்?" என்பது எதிர்க்கட்சி.

இந்த வாதம் புதிது அல்ல. குண்டு விழுவதற்கு முன்பே, 1945 ஜூன் மாதத்தில், அணு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் பிராங்க் முதலிய விஞ்ஞானிகள், ஆள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டும்படி அரசுக்கு எழுதினார்கள். அரசு கேட்கவில்லை.

ஆசிரியர்கள் ஒன்று செய்ய வேண்டும். பாதி நேரம் ஆனதும், கட்சி மாறி வாதாடச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எதிராளியின் நியாயமும் புரியும்.

கைதட்டல் வாங்குவதற்காக அல்ல, இந்த வாதம். மாண்டவர்கள் வெறும் எண்கள் அல்ல. தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னதை மாணவர்கள் முதலில் படிக்கட்டும். பிறகு பேசட்டும்.

நாளை, "குண்டு போடு" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லும் நாற்காலியில் உட்காரப் போகிறவர், இன்று வகுப்பில் இருக்கிறார்!