பேக்கமனுக்குப் புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு

“பேக்கமன் கத்துக்கப் புத்தகமா? அதான் ஆப் இருக்கே!”

இந்த ஆட்டத்தைப் பழகத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் யோசிக்காமல் ரிங்கிட்டை எடுத்து நீட்டுகிறவர்கள் இவர்கள். ‘கற்றுக்கொள்வது எப்படி’ வகை நூல் என்றால் மட்டும் இளக்காரம். அதெல்லாம் இலக்கியமா என்ன? கிடைத்ததை வாங்கினால் போதும், வாங்காவிட்டாலும் குறைந்துவிடாது. இந்த மனநிலையோடுதான் எனக்குச் சண்டை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு 15 காய், 24 கட்டம், இரண்டு பகடை. தாயம் ஆடியவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். தாயத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டம் பாதுகாப்பு. பேக்கமனில் அப்படி எதுவும் வரைந்திருக்காது. இரண்டு காயை ஒரே கட்டத்தில் சேர்த்தால் அதுதான் கோட்டை. எங்கே கோட்டை கட்டுவது, எப்போது ஒரு காயைத் தனியே விட்டுத் துணிவது, இவ்வளவுதான் ஆட்டம்.

மென்பொருள் நம்மைவிட நன்றாக ஆடும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. 1979இல் மான்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினரின் நிரல், அப்போதைய உலகச் சாம்பியன் லூய்ஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. பகடை தன் நிரலின் பக்கம் விழுந்தது என்று பெர்லினரே ஒப்புக்கொண்டார். ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் வேறு ரகம். தன்னோடு தானே லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடி அது கற்றுக்கொண்டது. கற்றதோடு நிற்காமல் மனிதர்களின் பழக்கத்தையும் மாற்றியது.

ஓர் உதாரணம். முதல் வீச்சில் 4-1 விழுகிறது. 1-ஐ வைத்து, நம் வீட்டுப் பகுதியின் ஐந்தாம் கட்டத்தில் ஒரு காயைத் தனியாக இறக்குவதுதான் பல ஆண்டுகளாக வழக்கம். அடுத்த முறை இன்னொரு காயைச் சேர்த்து அதைக் கோட்டையாக்கலாம் என்ற நம்பிக்கை. டிடி-கேமன் அதைச் செய்யவில்லை. அந்த 1-ஐ, எதிராளி வீட்டில் நிற்கும் நம் காய்களில் ஒன்றை ஓர் அடி நகர்த்தப் பயன்படுத்தியது. போட்டியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். விரைவிலேயே பழைய வழக்கம் போட்டிகளிலிருந்து காணாமல் போனது.

சரி, ஏன்? இரண்டு பகடை விழக்கூடிய விதங்கள் 36. ஐந்தாம் கட்டத்தில் தனியாக நிற்கும் காயை வெட்டக்கூடியவை அவற்றில் 15. வெட்டுப்பட்டால் 20 கட்டம் நஷ்டம். கோட்டை கிடைக்கும் லாபத்துக்கு இந்த விலை கட்டுமா? இப்படித்தான் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு விளக்குவார். நிரலிடம் கேட்டால் தசமப் புள்ளி போட்ட ஓர் எண்ணைக் காட்டும். ‘உன் நகர்த்தல் இவ்வளவு மோசம்.’ அவ்வளவுதான். அதைப் பார்த்து மனப்பாடம் செய்தவர், அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு காய் இடம் மாறி நின்றாலும் முழிப்பார்.

ஒரு நாவலைப் பற்றி ‘ஐந்துக்கு மூன்று’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் விமர்சகரை நாம் மதிக்கிறோமா? ஏன் மூன்று என்று சட்டையைப் பிடித்துக் கேட்க மாட்டோமா? அதே வேலையைச் செய்யும் மென்பொருளை மட்டும் ஆசான் என்று கும்பிடுவது என்ன நியாயம்?

அதனால் சொல்கிறேன். தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது பால் மாக்ரீல் 1976இல் எழுதிய ‘பேக்கமன்’. மாக்ரீல் கணிதம் கற்பித்தவர், நியூயார்க் டைம்ஸில் இந்த ஆட்டம் பற்றிப் பத்தி எழுதியவர். பாதுகாப்பாக ஆடுவதா, துணிந்து ஆடுவதா என்ற கேள்விக்கு அவர் ஒரு முறை வகுத்தார். எதிராளியின் வீடு பலமாக இருக்கிறதா? அப்படியென்றால் அடக்கி வாசி. அந்த வீட்டுக்குள் உனக்கு ஒரு கோட்டை இருக்கிறதா? துணியலாம். உன் காய்கள் ஏற்கெனவே நிறைய பின்னால் கிடக்கின்றனவா? இன்னும் ஒன்று வெட்டுப்பட்டால் பெரிதாக என்ன போய்விடும், துணி. இந்தக் கேள்விகள் கையில் இருந்தால், நீங்கள் பார்த்தே இராத நிலையிலும் யோசிக்க முடியும்.

“அது பழசு, அதில் தப்பு இருக்கு” என்பார்கள். இருக்கட்டும். நிரல்கள் வருவதற்கு முந்தைய நூல் அது. தொடக்க நகர்த்தல்களில் அந்தக் காலத்து வழக்கங்களை அப்படியே நம்ப வேண்டாம், நிரலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். க்னூ பேக்கமன் இலவசமாகவே கிடைக்கிறது. காரணத்தோடு சொல்லப்பட்ட தவறை நாம் கண்டுபிடித்துத் திருத்தலாம். காரணமில்லாத சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இணையக் கடைகளில் ‘ஒரே வாரத்தில் பேக்கமன்’, ‘வெற்றி ரகசியங்கள்’ என்று மெல்லிய புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. பலவற்றில் விதிமுறைகளைத் தாண்டி ஒன்றும் இருக்காது. நட்சத்திரங்களை எண்ணி வாங்காதீர்கள். இரட்டிப்புக் கட்டை பற்றிய பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். 1920களில் நியூயார்க்கில் ஆட்டத்துக்குள் வந்த கட்டை அது. எதிராளி பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறார். நீங்கள் ஏற்க வேண்டும், அல்லது அங்கேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘25 சதவீத வாய்ப்பு இருந்தால் ஏற்றுக்கொள்’ என்று உத்தரவு போட்டுவிட்டு நகரும் புத்தகத்தைக் கீழே வையுங்கள். நல்ல புத்தகம் கணக்கைக் காட்டும். நான்கு ஆட்டத்தில் நான்கையும் மறுத்தால் நஷ்டம் 4. நான்கையும் ஏற்று, ஒன்றில் வென்று மூன்றில் தோற்றால் 2 வரவு, 6 செலவு. அப்போதும் நஷ்டம் 4. ஆகவே நான்கில் ஒன்று என்பதுதான் எல்லை. இதற்கு மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை எழுத மனமில்லாதவர் மற்றதை மட்டும் ஒழுங்காக எழுதியிருப்பாரா?

இந்தக் கட்டை விஷயத்தில் மாக்ரீல் சொல்வது கொஞ்சம்தான். அந்த இடத்தில் பில் ராபர்ட்டி வருகிறார். 1983லும் 1987லும் உலகப் பட்டம் வென்றவர். அவருடைய 501 சிக்கல்கள் கொண்ட நூல் 2000இல் வந்தது. ஒவ்வொரு சிக்கலுக்கும் விடையோடு விளக்கமும் உண்டு. கணக்கில் ஆர்வம் இருந்தால் வால்டர் ட்ரைஸின் ‘பேக்கமன் பூட் கேம்ப்’. போதும். பத்துப் புத்தகம் வாங்கி அலமாரியில் அடுக்கிப் படம் பிடித்துப் போடும் நோய் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, இதிலும் வேண்டாம். மாக்ரீலை முடித்து, ஐம்பது ஆட்டம் ஆடிவிட்டு, மறுபடியும் மாக்ரீலைப் படியுங்கள். அதற்குப் பிறகு ராபர்ட்டி.

மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். எண் உங்களை மறுத்தால், எழுதிய காரணத்தில் எது தவறு என்று தேடுங்கள். எழுத ஒரு வரிகூட வரவில்லையா? நீங்கள் இன்னும் ஆடத் தொடங்கவில்லை, பகடைதான் உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.