எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு 64 ஜிபி ரேம் தேவையா? பெரம்பலூர், அரியலூர் ஸ்டுடியோக்கள் போட வேண்டிய கணக்கு

பெரம்பலூரிலோ, அரியலூரிலோ, ஜெயங்கொண்டத்திலோ ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று 4கே கேமரா, ஒரு ட்ரோன், அடுத்த நாளே ரீல்ஸ் கேட்கும் மாப்பிள்ளை வீடு. இந்த வேலைக்குப் பழைய கம்ப்யூட்டர் தாங்காது என்று புதுசாக அசெம்பிள் செய்யக் கொட்டேஷன் வாங்கியவர்களுக்கு ஒரு வரியில்தான் அதிர்ச்சி: ரேம்.

2025 நடுவில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 ரேம், அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு, மூன்று மடங்கு விலைக்குப் போனது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? இல்லை. அவருக்கே அந்த விலைக்குத்தான் வருகிறது. அப்படியென்றால் யார் காரணம், நாம் என்ன வாங்குவது? பார்க்கலாம்.

விலை ஏன் ஏறியது?

உலகத்துக்கான ரேம் சிப்புகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பது மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களில் ஓடும் சிப்புகளுக்கு எச்பிஎம் என்ற அடுக்கு மெமரி வேண்டும். அதையும் இதே நிறுவனங்கள்தான், நம் ரேமுக்குப் பயன்படும் அதே மாதிரி சிலிக்கான் தட்டுகளில் செய்கின்றன.

பெரம்பலூர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். சின்ன வெங்காயம் போட்ட காட்டில் எல்லோரும் மக்காச்சோளம் போட்டால், அந்த வருஷம் வெங்காயம் என்ன விலைக்கு விற்கும்? அதேதான் இங்கேயும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே அளவு மெமரிக்கு, டிடிஆர்5-ஐவிட எச்பிஎம்முக்குச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தட்டு செலவாகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அதாவது, ஏஐ-க்கு ஒரு பங்கு கூடினால் நமக்கு மூன்று பங்கு குறைகிறது.

2025 அக்டோபரில், சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் தன் 'ஸ்டார்கேட்' திட்டத்துக்கு மெமரி வாங்க சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ் இரண்டோடும் கைகோத்தது. டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான் இன்னும் ஒருபடி மேலே போனது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாரன்டி தொடரும் என்றும் சொன்னது.

குஜராத்தில் தொழிற்சாலை வருகிறதே, விலை குறையாதா?

சனந்த் ஊரில் மைக்ரான் ஆலை அமைவது 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது சிப்பை உருவாக்கும் ஆலை அல்ல. வெளிநாட்டில் உருவாகி வரும் சிப்பை அசெம்பிள் செய்து, சோதித்து அனுப்பும் ஆலை. சிலிக்கான் தட்டுப்பாட்டுக்கு அது தீர்வாகாது. சிப்பையே உருவாக்கும் புது ஆலை கட்டி உற்பத்திக்கு வர ஆண்டுகள் ஆகும்.

சரி, எனக்கு எவ்வளவு ரேம் போதும்?

யூடியூப் பார்த்துவிட்டு '64 போட்டுடலாம்ணே, பிரச்னையே இருக்காது' என்று சொல்வது ரேம் மலிவாக இருந்த காலத்தில் சரி. இப்போது அந்தக் கூடுதல் 32 ஜிபியின் விலையில் ஒரு லென்ஸ் வாங்கிவிடலாம். அதனால் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

* எச்டி வீடியோ, ஆல்பம் டிசைன் மட்டும்: 16 ஜிபி போதும்.
* 4கே கல்யாண வீடியோ, இரண்டு மூன்று கேமரா: 32 ஜிபி. பிரீமியர் ப்ரோவுக்கு அடோபி சொல்வதும் எச்டிக்கு 16, 4கே-க்கு 32 அல்லது அதற்கு மேல் என்பதுதான்.
* ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தினமும் வேலை, டாவின்சியில் கனமான ஃபியூஷன் வேலை, பிரீமியரும் போட்டோஷாப்பும் எப்போதும் சேர்ந்தே திறந்திருக்கும் என்றால்: 64 ஜிபி.

டைம்லைன் திக்குவது ரேம் குறைவாலா?

பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். இப்போதைய கேமராக்கள் எச்.265, 10 பிட் 4:2:2 வடிவத்தில் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்டுவது பிராசஸர் அல்லது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அவற்றால் முடியவில்லை என்றால், 128 ஜிபி ரேம் போட்டாலும் திக்கத்தான் செய்யும்.

கொட்டேஷன் வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் உங்களுடைய மிகக் கனமான ப்ராஜெக்டைத் திறந்து ஓடவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து திணறுகிறது என்றால் ரேம்தான் குறை. மெமரி 60, 70 சதவீதத்திலேயே இருந்தும் திக்கினால் குறை வேறு இடத்தில்.

அதற்கு முதல் மருந்து காசில்லாதது: ப்ராக்ஸி. ஒரிஜினல் ஃபைலுக்குச் சின்ன நகல் எடுத்து அதில் எடிட் செய்து, எக்ஸ்போர்ட்டில் ஒரிஜினலுக்கு மாற்றுவது. பிரீமியர், டாவின்சி இரண்டிலும் இருக்கிறது. அடுத்து, புது மெஷினில் 4:2:2 வடிவத்தை நேரடியாகப் படிக்கும் சிப் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புதிய தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் படிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை படிக்கும். 40 வரிசை படிக்காது.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ?

இதை நீங்கள் முடிவு செய்வதில்லை, மதர்போர்டு முடிவு செய்கிறது. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. ரைசன் 5000 வரிசைக்கு டிடிஆர்4. ரைசன் 7000, 9000, இன்டெல் கோர் அல்ட்ரா டெஸ்க்டாப் என்றால் டிடிஆர்5 மட்டுமே. இன்டெல் 12 முதல் 14 தலைமுறை வரை போர்டைப் பொறுத்து இரண்டும் உண்டு.

உங்களிடம் நல்ல டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்குப் பொருந்தும் போர்டும் பிராசஸரும் வாங்குவது இன்றைய நிலையில் புத்திசாலித்தனம்.

ஒரே குச்சியா, இரண்டா?

32 ஜிபி வேண்டுமென்றால் 16 வீதம் இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். இரண்டு வழியில் டேட்டா போவதால் வேகம் கூடும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பத் திட்டமிட வேண்டாம். ரைசன் 9000-ல் இரண்டு குச்சிக்கு 5600 என்று ஏஎம்டி சொல்லும் டிடிஆர்5 வேகம், நான்கு குச்சிக்கு 3600 ஆகிவிடுகிறது. பின்னாளில் 64 உறுதியாக வேண்டும் என்று தெரிந்தால், இப்போதே 32 வீதம் இரண்டுதான் சரியான வழி.

5600 அல்லது 6000 வேகம் எடிட்டிங்குக்குத் தாராளம். கலர் லைட் எரியும் மாடலுக்குக் கூடுதல் காசு வேண்டாம். அசெம்பிள் ஆனதும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். செய்யாவிட்டால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

ரேம் விலை ஏறியது இறங்காமல் இருந்ததில்லை. 2022, 2023-ல் சரக்கு தேங்கி, கம்பெனிகள் நஷ்டத்தில் உற்பத்தியைக் குறைத்த காலமும் உண்டு. ஆனால் எப்போது இறங்கும் என்று நம்பி முகூர்த்த சீசன் ஆர்டரை விட முடியாது. மெஷின் ஓடுகிறது என்றால் ப்ராக்ஸியில் சமாளித்துக் காத்திருங்கள். வேலையே நிற்கிறது என்றால் 32-ஐ வாங்கி வேலையைத் தொடங்குங்கள்.

எங்கே வாங்கினாலும், திருச்சியோ சென்னை ரிச்சி தெருவோ, ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய ரேமைப் புதுசு என்று விற்பவர்களும் வருவார்கள். பில் இருந்தால்தான் வாரன்டி கேட்க முடியும். வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்த ஸ்டுடியோ என்றால், கொட்டேஷனில் உள்ள 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இப்போதைய ரேம் விலையில் அதுவே கணிசமான தொகை.